எழுபத்தொன்பது சிபாரிசுகள்

போரைத் தொடங்கும்போது யாரும் கமிட்டி போடுவதில்லை. தொடங்கிய போர் காலைச் சுற்றிக்கொண்ட பிறகுதான் பெரியவர்களைத் தேடுகிறார்கள். வியட்நாம் விஷயத்தில் 1968 மார்ச் மாதம் ஜனாதிபதி ஜான்சன் அப்படித்தான் பழைய மந்திரிகளையும் ஓய்வு பெற்ற தளபதிகளையும் அழைத்துக் கலந்துகொண்டார். நாலைந்து மாதங்களுக்கு முன்னால் 'தைரியமாக நடத்துங்கள்' என்று சொன்ன அதே பெரியவர்கள், இந்தத் தடவை 'வெல்ல முடியாது, வெளியேறும் வழியைப் பாருங்கள்' என்றார்கள். அந்த மாதம் 31-ந் தேதி ஜான்சன் குண்டுவீச்சைக் குறைத்தார்; மறுபடியும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். ஆனால் அமெரிக்கத் துருப்புகள் வியட்நாமை விட்டு வெளியேறியது 1973-இல். ஆலோசனை சொல்லி ஐந்து வருஷம் கழித்து!

இராக் போருக்கும் இப்படி ஒரு குழு வந்தது. 2003 மார்ச்சில், சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் இராக்குக்குள் புகுந்தன. ஆயுதம் அகப்படவில்லை. போர்தான் மிஞ்சிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 மார்ச்சில், அமெரிக்க காங்கிரஸின் ஏற்பாட்டில் பத்துப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமைந்தது. குடியரசுக் கட்சிக்காரர் ஐவர், ஜனநாயகக் கட்சிக்காரர் ஐவர். முன்னாள் வெளிநாட்டு மந்திரி ஜேம்ஸ் பேக்கரும், முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் லீ ஹாமில்டனும் தலைவர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அறிக்கை வெளியாயிற்று. 79 சிபாரிசுகள். புத்தகக் கடைகளில் விலைக்கும் கிடைத்தது.

இராக்கில் நடந்ததற்கும் மும்பையில் காலை லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பழைய அறிக்கையை எடுத்துத் தூசி தட்டுகிறோம். போர் நடக்கும் நாடுகளுக்கு இப்படிப்பட்ட குழுக்கள் இனியும் வரும். அவற்றின் அறிக்கைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடப் புத்தகம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். குழுவினர் பொய் எழுதவில்லை. இராக்கின் நிலைமை மோசம், நாளுக்கு நாள் மேலும் கெடுகிறது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டார்கள். வெற்றி அருகில் இருக்கிறது என்று வெள்ளை மாளிகை பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது சாதாரணம் அல்ல. மாதத்துக்குச் சுமார் 3,000 இராக்கியப் பொதுமக்கள் கொல்லப்படுகிறார்கள் என்றார்கள். உள்நாட்டிலேயே வீடிழந்தவர்கள் 16 லட்சம், நாட்டை விட்டு ஓடியவர்கள் 18 லட்சம் வரை என்ற ஐ.நா. கணக்கை எடுத்துக் கொடுத்தார்கள். பாக்தாதில் அமெரிக்கத் தூதரகத்தில் 1,000 பேர் வேலை செய்கிறார்கள். அரபு மொழி தெரிந்தவர்கள் 33 பேர், சரளமாகப் பேசக் கூடியவர்கள் ஆறே ஆறு பேர் என்பதும் இந்த அறிக்கையில் வந்த செய்திதான். பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள், ஆறு மாதத்தில் கடைத்தெரு மராத்தியும் இந்தியும் பேசப் பழகிவிடுகிறார்கள். வயிற்றுப்பாடு பழக்கிவிடுகிறது. ஆளப் போனவர்களுக்கு அந்த அவசியம் இல்லை போலும்.

இன்னொரு விவரம் குமாஸ்தா வேலை பார்க்கும் வாசகர்களுக்கு உடனே புரியும். 2006 ஜூலையில் ஒரு நாள் 93 தாக்குதல்கள் நடந்ததாக ராணுவக் கணக்கு சொன்னது. அதே நாளின் ரிப்போர்ட்டுகளை மறுபடி புரட்டிப் பார்த்தபோது 1,100 வன்முறைச் செயல்கள் நடந்திருந்தது தெரிய வந்தது. எதை எழுதுவது, எதை விடுவது என்ற விதியை எப்படி வகுத்தால் மேலதிகாரிக்கு நல்ல செய்தி போகுமோ அப்படி வகுத்திருந்தார்கள். கணக்கே கொள்கைக்கு இசைய எழுதப்படுகிறது என்று குழுவினர் கண்டித்தார்கள். நல்ல கண்டனம். ஆனால் அவர்களுடைய கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

உண்மையைக் கண்டவர்கள் என்ன மருந்து எழுதினார்கள்? ஈரானுடனும் சிரியாவுடனும் பேச வேண்டும் என்றார்கள். சரியான யோசனை. பாலஸ்தீனப் பிரச்னையைத் தீர்க்காமல் அந்தப் பிரதேசத்தில் அமைதி வராது என்றார்கள். அதுவும் சரி. நிரந்தர ராணுவத் தளம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்று ஜனாதிபதி அறிவிக்க வேண்டும் என்றார்கள். சதாமின் கட்சியில் பெயர் இருந்ததற்காக 2003 மே மாதம் ஓர் உத்தரவின் பேரில் வேலையிழந்த ஆசிரியர்கள், அலுவலர்கள் முதலானவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்றார்கள். இவற்றையெல்லாம் நாம் குறை சொல்லவில்லை.

துருப்புகளைத் திரும்ப அழைப்பதுதானே முக்கியம்? அந்த இடத்தில் பேனா தயங்கிவிட்டது. பாதுகாப்புக்கு அவசியமில்லாத போர்ப் பிரிவுகள் எல்லாம் 2008-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் வெளியேறிவிடலாம் என்று எழுதினார்கள். 'வெளியேற வேண்டும்' என்றல்ல. அதற்கும் ஒரு வால்: எதிர்பாராத மாறுதல் எதுவும் ஏற்படாவிட்டால்! இராக் போரில் எதிர்பார்த்தபடி நடந்தது எது? போர்ப் பிரிவுகள் போனாலும், இராக் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்று 10,000 முதல் 20,000 பேர் வரை அமெரிக்கர்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பாக்தாதை அடக்குவதற்குக் கொஞ்ச காலத்துக்குத் துருப்புகளைக் கூட்டுவதானால் அதையும் ஆதரிக்கலாம் என்று ஓரிடத்தில் ஒரு வரி. ஜனாதிபதி புஷ் எதைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை. 2007 ஜனவரி 10-ந் தேதி, மேலும் 20,000-க்கு மேற்பட்ட துருப்புகளை அனுப்புவதாக அறிவித்தார். இந்த அறிக்கையைப் பழக்கலவை மாதிரி பாவித்து வேண்டியதை மட்டும் பொறுக்கக் கூடாது என்று பேக்கர் செனட் கமிட்டி முன்பு எச்சரித்திருந்தார். பொறுக்குவதற்கு வசதியாக வெட்டி வைத்தது யார்?

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் குழுவில் முதலில் இருந்த ராபர்ட் கேட்ஸ், அறிக்கை வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு ராணுவ மந்திரிப் பதவிக்கு அழைக்கப்பட்டு விலகினார். துருப்புகளைக் கூட்டும் வேலையை நடத்தி வைத்தவர் அவரே. அமெரிக்கத் துருப்புகளுக்கு அந்தப் போரில் மிக அதிக உயிர்ச்சேதம் ஏற்பட்ட ஆண்டு 2007 தான். அதன் பிறகு வன்முறை குறைந்தது உண்மை. துருப்புகள் கூடியதால் குறைந்தது என்று சிலர் இன்றும் வாதிக்கிறார்கள். ஆனால் அன்பார் மாகாணத்துப் பழங்குடித் தலைவர்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது 2006-லேயே தொடங்கிவிட்டது. முக்ததா அல்-சதர் 2007 ஆகஸ்டில் தம் படைக்குப் போர் நிறுத்தம் சொன்னார். பாக்தாதின் பல வட்டாரங்களில் ஷியாக்களும் சன்னிகளும் ஒருவரையொருவர் அதற்குள் துரத்தி முடித்திருந்தார்கள். கலந்து வாழ்ந்த தெருக்கள் தனித்தனியாகிவிட்டால் கொலை குறையத்தான் செய்யும். அதைச் சமாதானம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது குறை, தொனியைப் பற்றியது. இன்ன தேதிக்குள் இன்ன சட்டம், இன்ன தேதிக்குள் இன்ன தேர்தல் என்று இராக் சர்க்காருக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். அதில் முன்னேற்றம் காட்டாவிட்டால் ராணுவ உதவியையும் பண உதவியையும் குறைத்துவிட வேண்டும் என்பது 21-வது சிபாரிசு. வீட்டை இடித்தவன், குடியிருப்பவனைப் பார்த்து 'மூன்று மாதத்தில் சுவர் எழுப்பாவிட்டால் உனக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவேன்' என்று சொல்வது போல இருக்கிறது இது. குழுவினர் பாக்தாதுக்குப் போய் இராக்கியத் தலைவர்களைச் சந்திக்காமல் இல்லை. ஆனால் தங்கியதெல்லாம் பலத்த காவல் போட்ட 'பச்சை வட்டாரத்தில்'. அதற்கு வெளியே காலடி வைத்தவர் முன்னாள் செனட் உறுப்பினர் சக் ராப் ஒருவர்தான். குர்திஸ்தான் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று குர்துத் தலைவர் மசூத் பர்சானி குறைப்பட்டார். இது ஏதோ ஒரு சிறிய காலனி நாட்டுக்கு எழுதியது மாதிரி இருக்கிறது என்று இராக் ஜனாதிபதி ஜலால் தலபானி கோபப்பட்டார். அமெரிக்காவின் நண்பர் அவர்; அவருக்கே பொறுக்கவில்லை.

அடுத்தது எண்ணெய். இராக்கின் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் ஆசை தங்களுக்கு இல்லை என்று ஜனாதிபதி சொல்ல வேண்டும் என்கிறது 23-வது சிபாரிசு. ஆனால் 62-வது சிபாரிசில் இராக்குக்கு எண்ணெய்ச் சட்டம் எழுத அமெரிக்க சர்க்கார் உதவ வேண்டும் என்கிறார்கள். 63-வது சிபாரிசில், வெளிநாட்டு முதலீட்டை ஊக்குவிக்க வேண்டும், நாட்டின் எண்ணெய்த் தொழிலை வியாபார நிறுவனமாக மாற்றி அமைக்க உதவ வேண்டும் என்கிறார்கள். போரை முடிக்க வழி கேட்டால், பொதுத்துறையை மாற்றி அமைக்க யோசனை வருகிறது! 1972-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட தொழில் அது. அதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று இராக்கியர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும். அந்நியத் துருப்பு வாசலில் நிற்கும்போது தீர்மானிக்க வேண்டிய காரியமா அது?

இதில் தொழிலாளர் பங்கு ஒன்று இருக்கிறது. நமது பத்திரிகைகளில் அது அதிகம் வரவில்லை. 1987-இல் சதாம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 150-ஆம் எண் சட்டம். அதன்படி பொதுத்துறையில் வேலை செய்பவர்கள் யாவரும் 'அரசு ஊழியர்' ஆனார்கள். ஆகவே சங்கம் வைக்கும் உரிமை போயிற்று. பெயரை உயர்த்தி உரிமையைப் பறிக்கும் தந்திரம். சதாம் போனார். அவருடைய சிலையை இழுத்துத் தள்ளினார்கள். அவருடைய ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்தார்கள். அந்தச் சட்டத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு அது சௌகரியமாக இருந்தது. 79 சிபாரிசுகளில் ஒன்றாவது அதை நீக்கும்படி சொல்லவில்லை. 2007 ஜூன் மாதம் பாஸ்ராவில் எண்ணெய்க் குழாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் வசதியும் மட்டுமல்ல, எண்ணெய்ச் சட்டத்தில் தங்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. சர்க்கார் ராணுவத்தை அனுப்பி அவர்களைச் சூழ்ந்தது. தலைவர்கள் மீது கைது வாரண்டு பிறந்தது. அப்படியும் அந்தச் சட்ட முன்வடிவு பார்லிமெண்டில் நிறைவேறவில்லை. 1982-இல் மில் வேலைநிறுத்தம் நடந்தபோது கிரண்காவ் பகுதியில் வாழ்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பாஸ்ரா எங்கேயோ தூரத்தில் இருப்பதாக நினைக்க மாட்டார்கள்.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். ராணுவத்துக்காக வேலை செய்யும் கான்டிராக்ட் சிவிலியன்கள் இராக்கில் சுமார் 5,000 பேர் இருக்கிறார்கள் என்று இந்த அறிக்கை எழுதிற்று. அறிக்கை வெளிவந்ததற்கு முந்திய நாள் வாஷிங்டன் பத்திரிகை ஒன்றில் ராணுவமே எடுத்த கணக்கு வந்திருந்தது: ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஐயாயிரம் எங்கே, ஒரு லட்சம் எங்கே! 93 தாக்குதல், 1,100 ஆன கதையைக் கண்டுபிடித்தவர்கள் இந்தக் கதையைக் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் 2008-இல் அமெரிக்க காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் இராக் போர்க்களப் பகுதி முழுவதுக்கும் கணக்கிட்டபோது 1,90,000 பேர் தேறினார்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு கான்டிராக்ட் ஆள் என்ற கணக்கு. அவர்களில் அமெரிக்கர் ஐந்தில் ஒரு பங்குதான். ஐந்தில் இரண்டு பங்குக்காரர்கள் அமெரிக்காவையும் சேராத, போர் நடந்த நாட்டையும் சேராத மூன்றாம் நாட்டு மக்கள்.

யார் அவர்கள்? சிப்பாய்க்குச் சோறு ஆக்கியவர்கள், துணி துவைத்தவர்கள், கக்கூஸ் கழுவியவர்கள், லாரி ஓட்டியவர்கள். இந்தியர், நேபாளியர், பிலிப்பினோக்கள், இலங்கையர். 2004-இல் கேரளத்தைச் சேர்ந்த சிலர் ஊர் திரும்பி, குவைத்தில் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் இராக்கில் அமெரிக்க முகாம் சமையல்கட்டில் விட்டுவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் மூன்று இந்திய லாரி டிரைவர்கள் கடத்தப்பட்டு, ஆறு வாரம் நாடே தவித்த பிறகு விடுதலையானார்கள். நேபாளத்தாருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜோர்டானில் வேலை என்று நம்பிப் புறப்பட்டவர்கள் உள்ளிட்ட 12 பேர் ஆகஸ்டு கடைசியில் கொல்லப்பட்டார்கள். கான்டிராக்டர்கள் பிடித்து வைத்திருக்கும் தொழிலாளரின் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2006 ஏப்ரலில் அமெரிக்க ராணுவத் தலைமையே உத்தரவு போட வேண்டியிருந்தது. அப்போது இந்தக் குழு வேலை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அறிக்கையில் இதற்கு ஒரு சிபாரிசு இல்லை.

இந்தியா 2003 ஜூலையில் இராக்குக்குத் துருப்பு அனுப்ப மறுத்தது. நல்ல முடிவு என்று அப்போதும் பலர் சொன்னார்கள். இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். துருப்பு அனுப்பாத நாடு, தொழிலாளியை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கடத்தலுக்குப் பிறகு இராக்குக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று டெல்லி தடை போட்டது. குவைத் வழியாகவும் ஜோர்டான் வழியாகவும் போவது நிற்கவில்லை. தாராவியிலும் சயானிலும், வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஒருவராவது இல்லாத தமிழ்க் குடியிருப்பு அபூர்வம். ஏஜெண்டு காட்டுவது ஒரு நாடு, இறக்கிவிடுவது ஒரு நாடு என்பது அவர்களுக்குத் தெரியாத சங்கதியல்ல.

இராக் போர் அமெரிக்கர்களுக்கு எப்படி முடிந்தது? பத்துப் பேர் எழுதத் தயங்கிய தேதியை இராக்கியர்களே எழுதி வாங்கினார்கள். 2008 நவம்பரில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 2009 ஜூன் 30-க்குள் நகரங்களை விட்டும், 2011 டிசம்பர் 31-க்குள் நாட்டை விட்டும் துருப்புகள் போக வேண்டும் என்று 'ஆனால்' இல்லாமல் தேதி குறித்தார்கள். இராக் பார்லிமெண்டில் அதை நிறைவேற்றினார்கள். 2011 டிசம்பரில் பாக்தாதில் கொடி இறக்கும் வைபவத்தில் பேசிய அமெரிக்க ராணுவ மந்திரி லியான் பனெட்டா. அவரும் இந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான்.

ஆனால் போர் முடியவில்லை. 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். கூட்டத்தின் கையில் விழுந்தது. அமெரிக்கப் படைகள் அதே ஆண்டில் திரும்பி வந்தன. திக்ரித்தில் சிக்கிய 46 நர்சுகள் உயிரோடு கொச்சி வந்து சேர்ந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் மலையாளிகள், அந்த ஒருவர் தூத்துக்குடிப் பெண். மோசூலில் கட்டட வேலைக்குப் போன பஞ்சாப், இமாசலம், பிகார், மேற்கு வங்கத்துத் தொழிலாளர் 39 பேர் வரவில்லை. அவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று வெளிநாட்டு மந்திரி சுஷ்மா சுவராஜ் பார்லிமெண்டில் சொன்னது 2018 மார்ச் 20-ந் தேதி. நாலு வருஷம் அந்தக் குடும்பங்கள் தந்திக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தன.

டெல்லி செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. போர் நடக்கும் நாட்டுக்கும் அதன் அண்டை நாட்டுக்கும் ஆள் எடுக்கும் ஏஜெண்டு, வேலை செய்யும் இடத்தின் பெயரைத் தொழிலாளியின் தாய்மொழியில் எழுதிக் கொடுத்தாலொழிய அனுமதி தரக் கூடாது. நடுவழியில் இடம் மாறினால் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். அமெரிக்க ராணுவக் கான்டிராக்டில் வெளிநாட்டில் வேலை செய்பவர், எந்த நாட்டவரானாலும், செத்தாலோ ஊனமுற்றாலோ நஷ்டஈடு பெற அமெரிக்காவில் 1941-லேயே சட்டம் இருக்கிறது. கான்டிராக்டர் இன்சூர் செய்தே தீர வேண்டும். மனுச் செய்ய ஒரு வருஷம்தான் பொதுவான கெடு. இது தெரியாமல் கெடு கடந்துபோன குடும்பங்கள் ஏராளம். குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகங்களில் இந்த விவரத்தைத் தமிழிலும் எழுதி ஒட்டுவதற்கு எந்த நாட்டின் ஆலோசனைக் குழுவும் சிபாரிசு செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை.